தாமண்ட் பார்க் சொல்லும் பாடம்



ஸ்டேடியம் என்றாலே நமக்கு கிரிக்கெட்தான் ஞாபகம் வரும். சிவில் படிக்கும் எனக்கு ஒரு ரக்பி மைதானம் ஞாபகம் வருகிறது. அயர்லாந்தின் லிமெரிக் நகரத்தில் உள்ள தாமண்ட் பார்க்தான் அது. ஒரு பழைய இடத்தைப் புதுப்பிக்கும்போது எதை மாற்றுவது, எதை விடாமல் வைத்துக்கொள்வது என்பதற்கு அது நல்ல உதாரணம்.

மன்ஸ்டர் என்பது அயர்லாந்தின் தென்மேற்கு மாகாணம். அதன் ரக்பி அணிக்கு 1934-ல் திறக்கப்பட்ட இந்த மைதானம்தான் கோட்டை. 1978 அக்டோபர் 31 அன்று, உலகமே பயப்படும் நியூசிலாந்து அணியை மன்ஸ்டர் இங்கே 12-0 என்று தோற்கடித்தது. அயர்லாந்து தேசிய அணியே 2016-ல்தான் நியூசிலாந்தை முதன்முதலாக வென்றது என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்! ஐரோப்பியக் கோப்பைப் போட்டிகளில் 1995 முதல் 2007 ஜனவரி வரை மன்ஸ்டர் இந்த மண்ணில் தோற்கவே இல்லை.

ஆனால் பழைய மைதானத்தில் சுமார் 13,000 பேருக்குத்தான் இடம். அதிலும் பெரும்பாலானோர் நின்றுகொண்டே பார்க்க வேண்டும். டிக்கெட் கிடைக்காமல் திரும்பியவர்கள் ஏராளம். எனவே சுமார் 4 கோடி யூரோ செலவில் வேலையை ஆரம்பித்தார்கள். வேலை நடக்கும்போதே மேட்ச்சும் நடந்தது. 2008 ஜனவரியில் இங்கிலாந்தின் வாஸ்ப்ஸ் அணியை மன்ஸ்டர் இங்கேயே 19-3 என்று வென்றது. சைட் வேலை தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு சிரமம் என்று சொல்லவே வேண்டாம்.

கிழக்கிலும் மேற்கிலும் இரண்டு பெரிய ஸ்டாண்டுகள் எழுந்தன. கூரைக்கு முன்பக்கம் தூண் வைத்தால் பின்னால் இருப்பவருக்கு ஆட்டம் மறையும். அதனால் ஸ்டாண்டின் நீளம் முழுவதும் வளைந்து செல்லும் எஃகு டிரஸ் போட்டு, கூரையின் பாரத்தை அதன்மேல் ஏற்றினார்கள். வளைவு பாரத்தை இரு முனைகளுக்கும் கொண்டுபோகும். முனைகளை வெளியே தள்ளவும் பார்க்கும். ஆகவே அங்கே அஸ்திவாரம் பலமாக இருக்க வேண்டும். நாம் தியரியில் படித்த ஆர்ச் கணக்குதான் நண்பர்களே! இன்று அந்த வளைவுகளே ஊரின் அடையாளம்.

எனக்குப் பிடித்தது இன்னொன்று. இரு கோல் முனைகளிலும் ரசிகர்கள் நின்று பார்க்கும் படிக்கட்டுகளுக்கு இடம் ஒதுக்கினார்கள். மொத்தம் சுமார் 25,600 பேர் என்றாலும், அதில் ஏறக்குறைய 10,000 பேர் நிற்பவர்கள். எல்லா இடத்திலும் நாற்காலி போட்டிருந்தால் அந்த ஊரின் ஆரவாரம் அடங்கிப் போயிருக்கும். எதிரணி வீரர் கோலுக்கு உதைக்கும்போதுகூட மொத்தக் கூட்டமும் மூச்சு விடாமல் அமைதி காப்பது அங்கே வழக்கம். ஆரவாரமும் அமைதியும் சேர்ந்ததுதான் தாமண்ட் பார்க்.

2008 நவம்பர் 18 அன்று அதே நியூசிலாந்தை அழைத்துப் புதிய மைதானத்தைக் கொண்டாடினார்கள். மன்ஸ்டர் கடைசி நிமிடங்களில் 18-16 என்று தோற்றது. ஆனாலும் ஊர் தலைநிமிர்ந்தே நின்றது.

குறையும் உண்டு. பெரிய மேட்ச்சுக்கு நிரம்பும் ஸ்டாண்டுகள் சாதாரண லீக் மேட்ச்சுக்கு நிரம்புவதில்லை. கட்டிய கடனோ பல ஆண்டுகள் மன்ஸ்டர் தலையில் பாரமாக இருந்தது. டிரஸ் தாங்கும் பாரத்தை நாம் கணக்குப் போட்டுவிடலாம். கட்டடம் சுமத்தும் கடன் பாரத்தையும் எஸ்டிமேட் போடும்போதே யோசிக்க வேண்டும்.

நாளைக்கு நம்மில் யாராவது ஒரு பழைய பஸ் ஸ்டாண்டையோ மார்க்கெட்டையோ புதுப்பிக்கப் போகலாம். டேப்பைப் பிடிப்பதற்கு முன்னால், அந்த இடத்தை வருஷக்கணக்காகப் பயன்படுத்தும் ஜனங்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: “இங்கே எது போனால் உங்களுக்கு மனசு கஷ்டப்படும்?” பிளான் அங்கிருந்து ஆரம்பிக்கட்டும்!