குடல்வாழ் நுண்ணுயிர்க்குப் பெயர் சூட்டுதல்

சாத்தான்குளம் வட்டாரத்தில் பதநீர் இறக்குவோர் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவதை நாம் அறிவோம். தடவாவிடில் இனிய சாறு சில மணி நேரத்திற்குள் புளித்துக் கள்ளாக மாறிவிடும். கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களே இம்மாற்றத்தைச் செய்கின்றன. அவற்றின் பெயர் அறியாமலே அவற்றைக் கட்டுப்படுத்தும் வழியைப் பனைத் தொழிலாளர் கைக்கொண்டுள்ளனர்.

ஓர் உயிரை அதன் செயலால் அறிவது வேறு; இனம் பிரித்து அறிவது வேறு. கலயத்தைவிட நெருக்கமான இடமாகிய நம் குடலில் வாழும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவற்றை நாம் இன்னும் இனம் பிரித்து அறியவில்லை. புதிதாக ஒன்று கிடைத்தால் அது புதிய இனம்தான் என்று எவ்வாறு முடிவு செய்கின்றனர்? நம் நாட்டிலேயே நடந்த ஓர் ஆய்வைக் கொண்டு இதனை விளக்குவோம்.

2014-ஆம் ஆண்டு, பூனா நகர ஆய்வாளர்களான லஞ்சேகர், மராத்தே, ஷௌச்சே, ரானடே முதலியோர் 'மெகாஸ்பேரா இண்டிகா' என்னும் புதிய இனத்தை அறிவித்தனர். 26, 56 வயதுடைய, நோயற்ற இரு தன்னார்வலர்களின் மலத்திலிருந்து அவர்கள் அதனைப் பிரித்தெடுத்திருந்தனர். மலம் என்றவுடன் முகம் சுளிப்போர் உண்டு. ஆயினும் குடலின் நிலையை அறிய அதனினும் எளிதாகக் கிடைக்கும் சான்று வேறில்லை.

இவ்வகைப் பாக்டீரியாக்களுக்கு ஆக்சிஜன் ஆகாது. நமக்கு உயிர் தரும் காற்று அவற்றுக்கு நஞ்சு. எனவே ஆக்சிஜன் நீக்கிய வாயு நிரம்பிய குழாய்களில், 37 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அவற்றை வளர்க்க வேண்டும். இதற்கான நுட்பத்தை அமெரிக்க அறிஞர் ராபர்ட் ஹங்கேட், அசைபோடும் விலங்குகளின் இரைப்பையை ஆராயும்பொருட்டு உருவாக்கினார்.

வளர்ந்தவை உருண்டை வடிவின. தனித்தும் இணையாகவும் சிறு சங்கிலியாகவும் காணப்பட்டன. ஆனால் நுண்ணோக்கியில் ஒத்துத் தோன்றும் உருண்டைகள் ஏராளம். ஆகவே 16 எஸ் எனப்படும் மரபணுவைப் படித்தனர். ஏறத்தாழ 1,500 எழுத்துகள் கொண்ட இம்மரபணு எல்லாப் பாக்டீரியாக்களிலும் உள்ளது. மிக மெதுவாகவே மாறுகிறது. பூனாவில் கிடைத்தவற்றின் மரபணு, ஆட்டின் இரைப்பையிலிருந்து முன்னரே பிரிக்கப்பட்டிருந்த 'மெகாஸ்பேரா எல்ஸ்டெனி'யுடன் 99 விழுக்காட்டுக்கு மேல் ஒத்திருந்தது. அதாவது, 1,500 எழுத்துகளில் பன்னிரண்டு, பதின்மூன்றே வேறு!

அத்தோடு நிறுத்தியிருந்தால் 'பழைய இனமே' என்று ஏடு மூடப்பட்டிருக்கும். ஏனெனில் 98.7 விழுக்காட்டுக்குக் கீழே ஒற்றுமை குறைந்தால்தான் புதிய இனமோ என்னும் ஐயம் எழுவது வழக்கம். அவர்கள் நிறுத்தவில்லை. இரு உயிர்களின் முழு டி.என்.ஏ.வையும் ஒன்றோடொன்று பிணையவிட்டுப் பார்த்தனர். 70 விழுக்காடு பிணைந்தால் ஒரே இனம் என்பது 1987-இல் வகுக்கப்பட்ட அளவுகோல். ஆட்டின் பாக்டீரியாவுடன் இவை முறையே 42, 53 விழுக்காடே பிணைந்தன; தமக்குள்ளோ 80.9 விழுக்காடு பிணைந்தன. எனவே இரண்டும் ஓரினம், அவ்வினம் புதிது. ஒரு மரபணுவின் சாட்சியத்தை மட்டும் கொண்டு தீர்ப்பளிப்பதில் உள்ள இடர் இங்கே நன்கு விளங்குகிறது. இன்று முழு மரபுத்தொகுதியையும் கணினியில் ஒப்பிடுகின்றனர். 95 அல்லது 96 விழுக்காடு எல்லையாகக் கொள்ளப்படுகிறது.

அப்பாக்டீரியா என்ன உண்கிறது, எதனை வெளியிடுகிறது என்பனவும் விவரிப்பில் இடம்பெற வேண்டும். இது குளுக்கோசைப் புளிக்கவைத்து முதன்மையாகக் காப்ராயிக் அமிலத்தைத் தருகிறது. இலத்தீனில் 'காப்ரா' என்றால் வெள்ளாடு. அமிலத்தின் ஆட்டு வாடையே அப்பெயருக்குக் காரணம்.

பெயர் ஏற்கப்பட இன்னொரு நிபந்தனையும் உண்டு. உயிருள்ள மூலவகையை இரு நாடுகளிலுள்ள சேமிப்பகங்களில் ஒப்படைக்க வேண்டும். ஒருவர் கூற்றைப் பிறர் சோதித்தறிய இதுவே வழி. நம் பார்வையில் இம்முறையின் சிறப்பும் இதுவே.

2020-இல் வெளிவந்த ஒரு தொகுப்பு, மனிதக் குடலில் 4,644 நுண்ணுயிர் இனங்களைக் கணக்கிட்டது. அவற்றுள் 70 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை எந்தக் குழாயிலும் வளர்க்கப்படாதவை. கணினியில் சேர்க்கப்பட்ட மரபணுத் துண்டுகளால் மட்டுமே அறியப்பட்டவை. அவ்வாறானவற்றுக்கும் பெயரிட 2022-இல் தனி விதித்தொகுப்பு ஒன்று வந்தது. ஆயினும் பெயரிருந்தும் உயிரில்லையேல் அதன் இயல்பைச் சோதிக்க இயலாது. மேலும், அத்தொகுப்புக்கான மாதிரிகள் பெரும்பாலும் ஐரோப்பா, வட அமெரிக்கா, சீனா ஆகிய நிலங்களுக்குரியவை. கருப்பட்டியும் மீனும் உண்டு வாழும் நம் கரையோரத்தாரின் குடலுக்கு அந்தப் பட்டியல் எந்த அளவு பொருந்தும் என்பதை இங்கே மாதிரி எடுத்து, வளர்த்துப் பார்த்தே கூற இயலும். பூனாவில் இரண்டே மனிதரிடமிருந்து ஒரு புதிய இனம் கிடைத்தது. அதன் மூலவகை இன்று ஜெர்மனியில் டி.எஸ்.எம். 25563 என்னும் எண்ணிலும், பூனாவில் எம்.சி.சி. 2481 என்னும் எண்ணிலும் பதிவாகியுள்ளது.