சாண்டோவையும் சாய்த்தது வியாபாரம்!

"சாண்டோ பனியன்" தெரியாத வீடு தமிழ்நாட்டில் இல்லை. கை இல்லாத பனியனுக்கு அந்தப் பெயர். பட அதிபர் சின்னப்பா தேவரைக்கூட "சாண்டோ" சின்னப்பா தேவர் என்றே ஜனங்கள் அழைத்தார்கள். அவருக்குக் கட்டுமஸ்தான உடம்பு.

சாண்டோ என்பது ஒரு மனிதரின் பெயர். அவர் பெரிய பயில்வான். பெரிய வியாபாரி. அந்த வியாபாரத்தில் தோற்றுப் போனவர்!

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் மாடியில் ஜிம் வைத்துப் பிறகு மூடியவர்கள் இவர் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆல்பர்ட் மண்டபத்தில் போட்டி

யூஜின் சாண்டோ 1867ல் ஜெர்மனியில் பிரஷ்யா நாட்டில் பிறந்தார். கனமான குண்டுகளைத் தூக்கிக் காட்டிப் பேர் வாங்கினார். பிறகு லண்டனுக்குப் போனார். 1897ல் அங்கே தேகப்பயிற்சி நிலையம் திறந்தார்.

அதுவரை பயில்வான் என்றால் கூடாரத்தில் வித்தை காட்டுகிறவர். குமாஸ்தாவும் கடைக்காரரும் காசு கொடுத்து உடற்பயிற்சி கற்கலாம் என்று காட்டியவர்களில் சாண்டோ முக்கியமானவர். பயிற்சிக் கருவிகள் விற்றார். புத்தகம் எழுதினார். பத்திரிகையும் நடத்தினார்.

1901ல் லண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் உடல் அழகுப் போட்டி வைத்தார். நீதிபதிகளில் ஒருவர் யார் தெரியுமா? ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய கானன் டாயில்!

1904-1905ல் சாண்டோ இந்தியாவுக்கும் வந்தார். அந்தப் பேர் நம் ஊர் பனியன் வரை ஒட்டிக்கொண்டது. 1911ல் இங்கிலாந்து மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் அவரைத் தம்முடைய உடற்பயிற்சிப் பேராசிரியராக நியமித்தார்.

இதற்கு மேல் என்ன வேண்டும்? சாண்டோவுக்குப் போதவில்லை!

கோக்கோ ஆசை

ஏறக்குறைய அதே காலத்தில் அவர் கோக்கோ வியாபாரத்தில் இறங்கினார். உடம்புக்கு வலு தரும் பானம் என்று விளம்பரம் செய்தார். தம் பெயரை நம்பி ஜனங்கள் வாங்குவார்கள் என்று நினைத்தார்.

தேகப்பயிற்சி வேறு, கோக்கோ வேறு. கோக்கோவில் கேட்பரி போன்ற பழைய கம்பெனிகள் ஆழமாகக் காலூன்றி இருந்தன. 1914ல் உலகப் போர் மூண்டது. இங்கிலாந்தில் ஜெர்மனிக்காரர் மீது வெறுப்பு பரவியது. சாண்டோ ஜெர்மனியில் பிறந்தவர் அல்லவா? 1916ல் கோக்கோ கம்பெனி கவிழ்ந்தது.

சாண்டோ ஒளிந்துகொள்ளவில்லை. கோக்கோவை விட்டார், தேகப்பயிற்சியை விடவில்லை. 1919ல் உடற்பயிற்சி பற்றி இன்னொரு பெரிய புத்தகம் வெளியிட்டார். 1925ல் இறக்கும் வரை அவருக்குத் தொழில் அதுதான்.

பூட்டு விழுந்த மாடிகள்

சாண்டோவுக்குப் போர் வந்ததுபோல நம் ஊர் ஜிம்காரர்களுக்குக் கொரோனா வந்தது. 2020 மார்ச்சில் தமிழ்நாட்டில் உடற்பயிற்சிக் கூடங்களை மூடச் சொன்னார்கள். ஆகஸ்ட் 10ந் தேதிதான் திறக்க அனுமதி கிடைத்தது. அதுவும் 50 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு மட்டும்! 2021 ஏப்ரல் 26ந் தேதி மறுபடியும் பூட்டு. மீண்டும் திறக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று.

ஆள் வந்தாலும் வராவிட்டாலும் கட்டட வாடகை உண்டு. ஓடும் இயந்திரத்துக்கு வாங்கிய கடனுக்கு மாதத் தவணை உண்டு. வாங்கும்போது லட்சம் சொன்ன இயந்திரத்தை, விற்கப் போனால் பழைய இரும்பு போலப் பார்ப்பார்கள். எல்லாரும் ஒரே சமயத்தில் விற்றால் விலை இன்னும் இறங்கும்.

அந்த இரண்டு ஆண்டோடு இந்தக் கதை முடிந்துவிடவில்லை. பக்கத்துத் தெருவில் குளிர்சாதன வசதியோடு பெரிய ஜிம் ஒன்று வந்தாலும் சின்ன ஜிம்முக்கு இதே கதிதான்.

இந்த நேரத்தில்தான் தப்பு நடக்கிறது. "இன்னும் ஒரே மாதம் ஓட்டிப் பார்க்கலாம்" என்று மனைவியின் வளையல் அடகுக் கடைக்குப் போகிறது. அடுத்த மாதம் சங்கிலி. விஷயம் அப்பா அம்மாவுக்குத் தெரியாது. வழக்கம்போல விடியற்காலையில் எழுந்து ஜிம்முக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போகிறார். நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற பயம்! உடம்பைக் கட்டாக வைத்திருப்பவருக்கு இந்தப் பயம் கொஞ்சம் அதிகம் என்றே சொல்லலாம். ஊருக்கே தைரியம் சொன்னவர் அல்லவா?

சந்தா யார் பணம்?

ஜிம் நடத்துகிறவர்கள் பலர் கவனிக்காத கணக்கு ஒன்று உண்டு.

ஜனவரியில் புது வருடச் சபதம் எடுத்துப் பலர் சேருவார்கள். ஒருவர் வருடச் சந்தா 6,000 ரூபாய் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 6,000 ரூபாயும் அன்றைக்கே முதலாளியின் வருமானமா? இல்லை! மாதம் 500 ரூபாய்தான் வருமானம். மார்ச் கடைசியில் கடையை மூடினால் 4,500 ரூபாய் அந்த வாடிக்கையாளருக்குச் சேர வேண்டிய கடன். அப்படி நூறு பேர் இருந்தால் நாலரை லட்சம்!

அதனால் மூடுவது என்று முடிவு செய்தவர் முதலில் பேச வேண்டியது உறுப்பினர்களிடம். இரவோடு இரவாகப் பூட்டிவிட்டுப் போனால் மறுநாள் காலையில் கதவுக்கு முன்னால் நிற்பவர்கள் மோசடி என்றுதான் சொல்வார்கள். ஒரு மாதம் முன்பே அறிவிப்பு ஒட்டி, யாருக்கு எவ்வளவு பாக்கி என்று நோட்டில் எழுதிக் காட்டினால் பேச்சே வேறு. தவணையாகக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்பவர்கள் உண்டு. பக்கத்து ஜிம்காரரிடம் பேசி, மீதி மாதங்களை அங்கே கழிக்க ஏற்பாடு செய்யலாம். பதிலுக்கு இயந்திரங்களை அவருக்கே குறைந்த விலைக்குக் கொடுக்கலாம்.

மஞ்சள் கடுதாசி

"மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டான்" என்று நம் ஊரில் கேவலமாகச் சொல்வார்கள். திவால் என்று பொருள். ஆனால் அது சட்டம் போட்ட பாதை. சென்னை போன்ற பட்டணங்களுக்கு 1909ல் ஒரு திவால் சட்டம் வந்தது. மற்ற ஊர்களுக்கு 1920ல் வந்தது. 500 ரூபாய்க்குக் குறையாத கடன் இருந்து, கொடுக்க வழி இல்லாதவர் கோர்ட்டில் மனுப் போடலாம். சொத்தைக் கோர்ட்டு எடுத்துக் கடன்காரர்களுக்குப் பங்கிடும். கடனாளி யோக்கியமாக நடந்துகொண்டிருந்தால் மீதிக் கடனிலிருந்து விடுதலை கொடுக்கும். மோசடி செய்து வாங்கிய கடனுக்கு அந்த விடுதலை கிடையாது.

எல்லாரும் அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. நகை பெட்டியில் இருக்கும்போதே வீட்டில் உண்மையைச் சொல்லிவிட்டால் பெரும்பாலும் கோர்ட்டுப் படி ஏற வேண்டி இராது.

கட்டடம் போனாலும் கற்ற வித்தை கையில் இருக்கிறது. முதுகுவலிக்காரருக்கு வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுக்கலாம். பூங்காவில் காலையில் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு சொல்லிக் கொடுக்கலாம். அதற்கு வாடகையும் இல்லை, முன்பணமும் இல்லை.

சாண்டோவை லண்டனில் புட்னி வேல் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள். வெகுகாலம் அங்கே பெயர்க்கல்கூட இல்லை. 2008ல் அவருடைய வம்சத்தவர் ஒருவர் ஒரு பெரிய கல்லை நட்டார். அதில் "சாண்டோ" என்று அவருடைய பெயர் இருக்கிறது.