‘வாணா’ன்னு கூப்பிடற ஊரும்... ‘வாடா’ன்னு தட்டற விரலும்!

ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை தூக்கத்தைத் தியாகம் பண்ணிட்டு காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போயிருக்கீங்களா பாஸ்? இல்லைன்னா கட்டாயம் ஒரு தடவை போங்க. ராத்திரி ரெண்டு, மூணு மணிக்கே லைட் வெளிச்சத்துல ஏலம் சூடு பறக்கும். கால் வைக்கிற இடமெல்லாம் ஐஸ் தண்ணி. வஞ்சிரம், சங்கரா, கடம்பா, நண்டுன்னு கூடை கூடையா இறங்கும். (ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரைக்கும் போய் ஏமாறாதீங்க. அந்த 61 நாளும் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். சின்ன படகு மீன்தான் கிடைக்கும். விலையைக் கேட்டா மயக்கம் வரும்!)

ஆனா இந்தக் கட்டுரை மீனைப் பத்தினது இல்லை. அங்க கேக்கற பேச்சைப் பத்தினது.

முதல் தடவை போறவங்களுக்கு லேசா வயித்தைக் கலக்கும். ஊரே சேர்ந்து சண்டை போடற மாதிரி ஒரு சத்தம். கொஞ்சம் பக்கத்துல போய்க் காதைத் தீட்டிக்கிட்டுக் கேளுங்க. “இன்னாணா, இதுக்கு மேல ஏற மாட்டியாணா?” “நீயே ஒரு ரேட்டு சொல்லேன்க்கா...” “தள்ளிக்கம்மா, பெட்டி வருது!” இதுல ‘நீங்க’ எங்கேயாவது இருக்கா? ‘வாங்க, போங்க’ இருக்கா? கிடையாது. ஆனா ஒவ்வொரு பேச்சோட வாலிலேயும் ஒரு ‘ணா’, ஒரு ‘க்கா’, ஒரு ‘ம்மா’ தொத்திக்கிட்டு இருக்கும். வெறும் ‘வா’ன்னா அது தெனாவெட்டு. ‘வாணா’ன்னா அது மரியாதை. வடசென்னைக்காரங்க மரியாதையை வினைச்சொல்லுல வைக்கலை, உறவுல வெச்சிருக்காங்க. இது புரியாம, ‘மெட்ராஸ் பாஷைன்னாலே மரியாதை இல்லாத பாஷை’ன்னு நாம ஸ்கூல்லேர்ந்து நம்பிக்கிட்டு இருக்கோம். அந்த பாஷையில நைனா தெலுங்கு, பேமானி உருது, துட்டு டச்சு. துறைமுகத்துல வந்து இறங்கினவங்க எல்லார்கிட்டயும் ஒரு வார்த்தை கடன் வாங்கிப் பேசின ஊருங்க அது!

இப்ப அந்த ஊர்ப் பையன் ஒருத்தனோட கதைக்கு வருவோம்.

எனக்குத் தெரிஞ்ச தம்பி. காலேஜ் செகண்ட் இயர். அப்பா விசைப்படகுல தொழிலுக்குப் போறவர். பத்து நாள் கடல்ல இருந்துட்டு அப்பாவோட படகு கரைக்கு வர்றதை போன்ல புடிச்சு, நாப்பது செகண்ட் வீடியோவா போட்டான். அதுல பெருசா ஒண்ணுமில்லை. இருட்டு, படகு விளக்கு, கயிறைத் தூக்கி வீசற அப்பா. முதல்ல வந்த கமென்ட் எல்லாம் ‘சூப்பர் ப்ரோ’, ஹார்ட்டு, ஃபயரு. அப்புறம் யாரோ ஒரு ‘புள்ளிங்கோ’ ஸ்டிக்கரை ஒட்டினாங்க. அடுத்தவர் நாத்தத்தைப் பத்தி ஜோக் அடிச்சார். அதுக்கு அடுத்தவர் அவங்க அம்மாவுக்கே போயிட்டார். ஒரு மணி நேரத்துல அந்த இடம் கூவமாயிடுச்சு!

“இதுல பாதிப்பேர் என் வயசுதாண்ணா. என் கிளாஸ்காரன் ஒருத்தனும் சிரிப்பு எமோஜி போட்டிருக்கான்”னு போனைக் காட்டினான். சிரிச்சுக்கிட்டேதான் காட்டினான். ஆனா அன்னிக்கு ராத்திரியே வீடியோவைத் தூக்கிட்டான். அடுத்த வாரம் ப்ளேஸ்மென்ட் ட்ரெய்னிங்குக்கு ஃபார்ம் நிரப்பறப்ப, முகவரியில காசிமேடுன்னு எழுதாம ராயபுரம்னு மட்டும் எழுதினான். ஏன்டான்னு கேட்டா, “பொய் இல்லையேண்ணா, பக்கம்தானே”ங்கறான். அந்த ‘பக்கம்தானே’ எனக்கு இன்னமும் உறுத்துது.

‘புள்ளிங்கோ’ன்னா என்ன? பிள்ளைங்க! அவ்ளோதான். வடசென்னையில தன் கூட்டாளிங்களைப் பாசமா சொல்ற வார்த்தை. 2018, 2019 வாக்குல கானா பாட்டு வழியா ஊரெல்லாம் பரவி, மீம் போடறவங்க கையில மாட்டி, கலர் முடியும் பைக்குமா ஒரு கேலிச் சித்திரம் ஆயிடுச்சு. (நானும் யோக்கியன் இல்லை. அந்த ஸ்டிக்கரை ரெண்டு மூணு குரூப்புக்கு ஃபார்வர்ட் பண்ணினவன்தான். அப்ப சிரிப்பாத்தான் இருந்துச்சு.) இத்தனைக்கும் 2015 டிசம்பர் வெள்ளத்துல சென்னை மூழ்கினப்போ, கடல் படகை லாரியில ஏத்திக்கிட்டு வந்து மாடியில தவிச்சவங்களை இறக்கினவங்க மீனவர்கள். அப்ப நாமதான் இதே போன்ல ‘ரியல் ஹீரோஸ்’னு ஸ்டேட்டஸ் போட்டோம். நாலே வருஷத்துல ஹீரோ வீட்டுப் பையன் காமெடி பீஸ்!

சரி, இன்டர்நெட் பொறக்கறப்பவே இப்படித்தானா? இல்லைங்க. நீங்க தினமும் தட்டற ஸ்மைலியே ஒரு மரியாதைக்காக வந்ததுதான். 1982 செப்டம்பர் 19. அமெரிக்காவோட கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துல, கம்ப்யூட்டர்ல எழுதின ஜோக்கை சிலர் சீரியஸா எடுத்துக்கிட்டதால குழப்பம். ஸ்காட் ஃபால்மன்ங்கற பேராசிரியர், ‘ஜோக்குன்னா கூடவே ஒரு முக்காற்புள்ளி, ஒரு கோடு, ஒரு அடைப்புக்குறி போடுங்கப்பா’ன்னார். எதிராளி மனசு புண்படக்கூடாதேங்கற கவலையில பொறந்த சிரிப்பு அது. இன்னிக்கு அதே சிரிப்பைத்தான் அந்த கிளாஸ்மேட் ஆயுதமா யூஸ் பண்ணியிருக்கார். 1995-ல் நெட்டுல எப்படி நடந்துக்கணும்னு ஒரு கையேடே வந்துச்சு. எல்லாத்தையும் பெரிய எழுத்துல அடிச்சா கத்தற மாதிரி இருக்கும்னு சொன்னது அதுதான்.

நம்ம ஊருக்கு 2004-க்கு அப்புறம் ஆர்குட் வந்துச்சு. (2014 செப்டம்பர்ல மூடிட்டாங்க. உங்க அண்ணனையோ, சித்தப்பாவையோ கேளுங்க, கண் கலங்குவாங்க!) நண்பனைப் பத்தி நாலு நல்ல வார்த்தை எழுதறதுக்குன்னே அதுல ‘டெஸ்டிமோனியல்’னு தனி இடம். அங்க மட்டும் எல்லாரும் உத்தமருங்களான்னு கேக்காதீங்க. நடிகர்களோட ரசிகர் சண்டையில அப்பவே நாக்கைப் புடுங்கற மாதிரி திட்டிக்குவாங்க. ஆனா சண்டை பெரும்பாலும் அந்த குரூப்புக்குள்ளேயே முடிஞ்சிடும். இன்னிக்கு மதுரைக்காரர் போடற கமென்ட், காசிமேட்டுப் பையனோட அம்மா போனுக்கு அஞ்சு நிமிஷத்துல வந்து நிக்குது.

‘எல்லாம் ஃபேக் ஐடி பண்ற வேலை, நிஜப் பேரைப் போட வெச்சா அடங்கிடுவாங்க’ன்னு ஒரு குரூப் சொல்லும். தென்கொரியா அதையும் செஞ்சு பார்த்துடுச்சு. 2007-ல் பெரிய வெப்சைட்டுகள்ல கமென்ட் போடணும்னா அடையாளத்தை நிரூபிக்கணும்னு சட்டம். 2011-ல் ஒரு நிறுவனத்துலேர்ந்து மூன்றரைக் கோடிப் பேரோட விவரம் ஹேக்கர்கள் கைக்குப் போனதுதான் மிச்சம். தப்பான பதிவுகள் குறிப்பிடற அளவுக்குக் குறையவே இல்லைன்னு சொல்லி, 2012 ஆகஸ்ட்ல அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றமே சட்டத்தைத் தூக்கிடுச்சு. நம்ம தம்பியோட கிளாஸ்மேட்டும் சொந்தப் பேர், சொந்த போட்டோவோடதானே வந்தார்?

அப்ப எதுதான் காரணம்? அதே 2012-ல் இஸ்ரேலோட ஹைஃபா பல்கலைக்கழகத்துல லபிடோட்-லெஃப்லர், பராக்னு ரெண்டு பேர் ஒரு சோதனை பண்ணினாங்க. 142 பேரை ஜோடி ஜோடியா சாட்ல வாக்குவாதம் பண்ண வெச்சாங்க. சிலருக்குப் பேர் தெரியாது, சிலருக்கு ஆள் தெரியாது, சிலருக்கு எதிராளியோட கண் தெரியாது. திட்டறதையும் மிரட்டறதையும் அதிகமா தூண்டினது எது தெரியுமா? பேர் தெரியாதது இல்லை. கண்ணைப் பார்க்காதது!

இப்ப திரும்ப ஏலத்துக்கு வாங்க. அங்க சத்தம் போட்டு விலை கேக்கற அக்காவுக்கு, எதிர்ல நிக்கறவரோட கண் தெரியும். அதைவிட முக்கியம், நாளைக்கு மூணு மணிக்கும் அதே ஆளோட முகத்துலதான் முழிக்கணும். ‘ணா’ங்கற ஒத்தை எழுத்து அங்க வெறும் பாசம் இல்லை பாஸ், தொழில் நடக்கறதுக்கான அச்சாரம்.

அதே ஏரியாவோட பாக்ஸிங்கையும் எடுத்துக்கங்க. ‘சார்பட்டா பரம்பரை’ (2021) பார்த்திருப்பீங்க. ரத்தம் வர்ற அளவுக்குக் குத்துவாங்க. ஆனா இடுப்புக்குக் கீழே குத்தக்கூடாது. மணி அடிச்சா நிறுத்தணும். கமென்ட் பாக்ஸுல இடுப்புக்குக் கீழேதான் ஆரம்பிக்கறாங்க, மணி அடிக்க ஆளும் இல்லை!

போலீஸ் அடிக்காதான்னா, எல்லாத்துக்கும் இல்லை. ஐ.டி. சட்டத்தோட 66ஏ பிரிவை 2015 மார்ச் 24-ல் உச்ச நீதிமன்றம் ரத்து பண்ணிடுச்சு. அது நல்லதுக்குத்தான். அந்தப் பிரிவை வெச்சு கிண்டல் பண்ணினவங்களையெல்லாம் உள்ளே தள்ளிக்கிட்டு இருந்தாங்க. மிரட்டல், ஆபாசம், போட்டோ மார்ஃபிங்னா இன்னிக்கும் குற்றம்தான், தயங்காம சைபர் கிரைமுக்குப் போங்க. ஆனா ‘உன் ஊர் நாறுது’ன்னு ஒருத்தன் எழுதினா அதுக்கு எந்தச் சட்டமும் வராது. வரவும் வேணாம்.

ரொம்பவும் மனசு விட்டுடாதீங்க. 2017 ஜனவரியில மெரினாவுக்கு அத்தனை பேரை வரவழைச்சதும் இதே போன்தான். அங்க ராத்திரியில பொண்ணுங்க பயமில்லாம உக்காந்திருந்தாங்க, பசங்க குப்பை பொறுக்கினாங்க. அந்த மாசம் 28-ம் தேதியே எண்ணூர்ப் பக்கம் கடல்ல ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டினப்போ, எர்ணாவூர் கரையில வாளியால கசடு அள்ளினதுல காலேஜ் பசங்களும் இருந்தாங்க. முழங்கை வரைக்கும் கறுப்பு. பக்கத்துல நிக்கறவர் யாருன்னே தெரியாட்டியும், “அண்ணா, வாளியைக் கொடுங்கண்ணா.”

நம்ம தம்பி என்ன ஆனான்? தடைக்காலம் முடிஞ்சு படகெல்லாம் கிளம்பி, முதல் மீன் இறங்கின அன்னிக்குத் திரும்ப ஒரு வீடியோ போட்டான். இந்த முறை ஊர்ப் பேரை கொட்டை எழுத்துல போட்டு! எதிர்பார்த்த மாதிரியே அந்த ஸ்டிக்கர் வந்துச்சு. இவன் யாரையும் பிளாக் பண்ணலை. திட்டின ஒவ்வொருத்தருக்கும், “இன்னாணா, மீன் வேணுமாணா?”ன்னு பதில் போட்டான். ஒருத்தர் கமென்ட்டைச் சத்தமில்லாம தூக்கிட்டார். இன்னொருத்தர், “வஞ்சிரம் கிலோ எவ்ளோ ப்ரோ?”ன்னு நிஜமாவே கேட்டார். மூணாவது ஆள் எழுதினதை இங்கே அச்சுல ஏத்த முடியாது. அவருக்கும் ஒரு “சரிணா” போட்டுட்டு, போனைப் பாக்கெட்ல சொருகிக்கிட்டு ஐஸ் பெட்டி தூக்கப் போயிட்டான்.