வீட்டை ஓட்டிச் செல்வோர் கற்கவேண்டிய வித்தை

வீட்டைப் பூட்டிவிட்டுப் பிரயாணம் போவது நம்மவர் வழக்கம். வீட்டையே கொண்டு பிரயாணம் போவது வட அமெரிக்கர் பலரின் வழக்கம். படுக்கை, அடுப்பு, நீர்த்தொட்டி, குளிக்கும் அறை யாவும் அமைந்த பெரிய மோட்டார் வண்டிகளிலே குடும்பத்தோடு ஏறி, மலைகளையும் ஏரிகளையும் கண்டு மகிழ்தலை அவர்கள் பெரிதும் விரும்புகின்றனர். கனடாவிற் குடியேறிய நம்மவருட் சிலரும் கோடை விடுமுறையில் இத்தகைய வீட்டு வண்டிகளை வாடகைக்கு அமர்த்துகின்றனர்.

எம்மோடு பல்கலைக்கழகத்திற் பயின்ற நண்பர் ஒருவர் ரொறன்ரோவில் வாழ்கின்றார். அவர் மனைவி, இரு பிள்ளைகள், வயதான தாயார் ஆகியோருடன் முப்பதடி நீளமான வண்டியொன்றிற் கொலறாடோ மலைகளைக் காணச் சென்றார். அங்கே ஐசன்ஹோவர் சுரங்கப் பாதை கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 11,000 அடி உயரத்தில் உள்ளது. அதனைக் கடந்து மேற்கே சில்வர்தோண் என்னும் ஊரை நோக்கி, பெருந்தெரு ஏறத்தாழ எட்டு மைல் தூரம் சரிந்து இறங்குகின்றது. நண்பர் கார் ஓட்டிய பழக்கத்தின்படியே, பிறேக்கில் வைத்த காலை எடுக்காமல் இறங்கினார். சிறிது நேரத்திற் கருகிய நாற்றம் எழுந்தது. எவ்வளவு அழுத்தியும் வேகம் குறையவில்லை. பின்னால் இருந்த தாயார் தேவாரம் ஓதத் தொடங்கினார். கட்டுக்கடங்காத லொறிகள் ஏறி நிற்பதற்கென வீதியோரத்தில் அமைந்த சரளைக்கல் மேட்டிலே வண்டியை ஏற்றியதால் ஐவரும் உயிர் தப்பினர்.

நண்பரிடம் செல்லுபடியாகும் சாரதி அநுமதிப்பத்திரம் இருந்தது. அவர் சட்டத்தை மீறவுமில்லை. சிந்திக்கவேண்டிய இடம் இதுவே.

ஐக்கிய அமெரிக்காவில் 26,000 றாத்தலுக்கு மேற்பட்ட லொறியை வர்த்தகத்துக்காக ஓட்டுபவர், 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த தனி அநுமதிப்பத்திரம் பெறுதல் வேண்டும். 2022ஆம் ஆண்டு பெப்ரவரி தொட்டு, அதனை முதன்முறை நாடுவோர் முறையான பயிற்சியையும் முடித்தல் வேண்டும். ஆனால் சொந்த உல்லாசத்துக்காக வீட்டு வண்டி ஓட்டுபவரை, அவ்வண்டி லொறியளவு பெரிதாயினும், இவ்விதிகள் கட்டுப்படுத்தா. கலிபோர்ணியா, ரெக்சாஸ் முதலிய சில மாநிலங்கள் மிகப் பெரிய வண்டிகளுக்கு வேறு வகை அநுமதிப்பத்திரம் கேட்கின்றன. மற்றும் பல மாநிலங்களிற் கார் ஓட்டும் பத்திரமே போதும்.

சட்டம் விலக்களிக்கலாம், பாரமும் சரிவும் எவருக்கும் விலக்களிப்பதில்லை.

லொறிச் சாரதிகளுக்குக் கற்பிக்கப்படுவன யாவை? புறப்படுமுன் சில்லுகள், ரயர்களின் காற்று, பிறேக், விளக்குகள் ஆகியவற்றை ஒழுங்காகச் சோதித்தல் முதற் பாடம். முன்செல்லும் வண்டிக்குப் பின்னால் எவ்வளவு இடைவெளி விடுவதென்பது அடுத்தது. தம் வண்டியின் நீளத்திற் பத்தடிக்கு ஒரு செக்கன் வீதமும், மணிக்கு 40 மைலுக்கு மேல் ஓடினால் இன்னுமொரு செக்கனும் விடுதல் வேண்டும். நாற்பதடி வண்டியானது பெருந்தெருவில் ஐந்து செக்கன் பின்தங்கிச் செல்லவேண்டும் என்பது பொருள்.

மலையிறக்கத்துக்கும் முறையுண்டு. இறங்கத் தொடங்குமுன்னரே தாழ்ந்த கியருக்கு மாறுதல் வேண்டும். வேகத்தை அடக்கும் வேலையைப் பெரும்பாலும் எஞ்சினே செய்யும். பாதுகாப்பான வேகம் மணிக்கு 40 மைலாயின், அதனை எட்டியதும் பிறேக்கை உறுதியாக அழுத்தி, 35க்குக் குறைந்ததும் விட்டுவிடல் வேண்டும். இவ்வாறு செய்யின் பிறேக் அளவுக்கு மீறிச் சூடேறாது. நண்பர் அறியாதிருந்தது இதனையே.

திரும்பும்போது வண்டியின் பின்பகுதி மறுபக்கம் வீசும் என்பதையும், பாலங்களின் கீழே செல்லுமுன் தம் வண்டியின் உயரத்தை அறிந்திருக்கவேண்டும் என்பதையும், பின்னோக்கி ஓட்டுமுன் இறங்கிப் பார்க்கவேண்டும் என்பதையும் கார் ஓட்டும் அநுபவம் கற்பிப்பதில்லை. ரயர் வெடித்தால் உடனே பிறேக்கை அழுத்தத் தோன்றும். அவ்வாறு செய்யாமல், ஸ்ரியறிங்கை இறுகப் பிடித்து வேகம் தானே குறைய விடுதல் வேண்டுமென்பதும் பயிற்சியால் வரும் அறிவே.

“இருபது வருடம் கார் ஓட்டியவருக்குப் பயிற்சி எதற்கு?” எனச் சிலர் வினவுவர். லொறிச் சாரதியோ நாள்தோறும் ஓட்டுபவன். அவனுக்கே பயிற்சி வேண்டுமென்றால், வருடத்திற் சில வாரங்கள் மாத்திரம் பெரிய வண்டியைத் தொடுபவருக்கு அது எவ்வளவு இன்றியமையாதது! மேலும், ஒரு நாளிற் பதினொரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டலாகாதென அமெரிக்கச் சட்டம் சரக்கு லொறிச் சாரதியைத் தடுக்கின்றது. விடுமுறைச் சாரதியை, “களைத்துவிட்டாய், நிறுத்து” என்று தடுப்பார் இல்லை. லொறிச் சாரதியின் பின்னால் இருப்பது சரக்கு. இவர் பின்னால் உறங்குவனவோ இவர் பெற்ற குழந்தைகள்.

அந்நாடுகளில் உறவினரை உடைய வாசகர்கள் அடுத்த முறை பேசும்போது இதனையும் ஒரு வார்த்தை சொல்லிவைப்பார்களாக. கணவன் மனைவி இருவருமே பயிலுதல் நன்று. ஒருவர் நோயுறினும் களைப்புறினும் மற்றவர் கைகொடுக்கலாம்.

எம் நண்பர் அவ்வாறே செய்தார். லொறிச் சாரதிகளைப் பயிற்றும் பள்ளியொன்றில் மனைவியோடு சேர்ந்து பயின்று, மறுவருடம் அதே மலைக்கு அதே குடும்பத்துடன் போய்வந்தார். தாயார் இம்முறையும் தேவாரம் ஓதினாராம். ஆனால் யன்னலோரம் இருந்து, மலைகளைப் பார்த்தவாறு.