சூப்பர்மேனை வீழ்த்திய முகமது அலி!

சூப்பர்மேனுக்கும் முகமது அலிக்கும் சண்டை வந்தால் யார் ஜெயிப்பார்?

சூப்பர்மேன் வானத்தில் பறப்பவர். துப்பாக்கிக் குண்டு அவர் மார்பில் பட்டால் குண்டுதான் நசுங்கும்! அலியோ நம்மைப் போல மனிதர். அடித்தால் வலிக்கும். குத்தினால் ரத்தம் வரும்.

"இதில் என்ன சந்தேகம்? சூப்பர்மேன்தான் ஜெயிப்பார்" என்பீர்கள்.

இல்லை. ஜெயித்தவர் அலி!

இந்தச் சண்டை 1978-ம் ஆண்டு அமெரிக்காவில் நடந்தது. மைதானத்தில் அல்ல, ஒரு படக்கதைப் புத்தகத்தில். சூப்பர்மேன் கதைகளை வெளியிடும் டி.சி. காமிக்ஸ் நிறுவனம் அதை வெளியிட்டது. படம் வரைந்தவர் நீல் ஆடம்ஸ். புத்தகத்தின் அட்டையைப் பார்த்தாலே சிரிப்பு வரும். நடுவில் இருவரும் மோதுகிறார்கள். சுற்றிலும் அமர்ந்து வேடிக்கை பார்ப்பவர்களில் அப்போதைய அமெரிக்க ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டரும் ஒருவர்!

சிவப்புச் சூரியன்

கதை இதுதான். வேற்றுக் கிரகத்தார் பெரும் படையுடன் வருகிறார்கள். "பூமியின் சிறந்த வீரன் எங்கள் வீரனுடன் மோத வேண்டும். இல்லாவிட்டால் பூமியை அழிப்போம்" என்று மிரட்டுகிறார்கள்.

"நான் போகிறேன்" என்கிறார் சூப்பர்மேன். அலி விடவில்லை. "நீ பிறந்தது கிரிப்டான் என்ற வேறு கிரகத்தில். பூமியில் பிறந்தவன் நான். நான்தான் போக வேண்டும்" என்று வாதாடுகிறார். நியாயம்தானே?

முதலில் இருவரும் தங்களுக்குள் மோதிப் பார்ப்பது என்று முடிவாகிறது. சூப்பர்மேனுக்குப் பலம் தருவது நம்முடைய மஞ்சள் சூரியன். சிவப்புச் சூரியனின் ஒளியில் அவருடைய சக்தி போய்விடும். அப்படிப்பட்ட இடத்தில் சண்டை நடக்கிறது. அதற்கு முன் சூப்பர்மேனுக்குக் குத்துச்சண்டை கற்றுக் கொடுத்தவரும் அலிதான்!

அலியின் குத்துகளில் சூப்பர்மேனின் முகம் வீங்குகிறது. ஆனால் கீழே விழ மறுக்கிறார். அதைப் பார்க்கச் சகிக்காமல், "சண்டையை நிறுத்துங்கள்" என்று அலியே கேட்கிறார். அதற்குப் பிறகுதான் சூப்பர்மேன் சாய்கிறார்.

எனக்கு அந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். பலமே இல்லாதபோது நிற்கிறாரே, அப்போதுதான் சூப்பர்மேன் வீரனாகத் தெரிகிறார். எதிரியின் வேதனையைக் கண்டு கையை இறக்குகிறாரே, அப்போது அலி அவரைவிடப் பெரியவராகத் தெரிகிறார்.

சைக்கிள் திருடன்

நிஜ அலியின் கதையும் படக்கதை போலத்தான் தொடங்குகிறது. 1942-ல் லூயிவில் நகரில் பிறந்தார். அப்போது அவர் பெயர் காசியஸ் கிளே. 12 வயதில் அவருடைய சைக்கிளை யாரோ திருடிவிட்டார்கள். "திருடனைக் கண்டால் உதைப்பேன்" என்று போலீஸ்காரர் ஜோ மார்ட்டினிடம் குமுறினார் சிறுவன். "முதலில் சண்டை போடக் கற்றுக்கொள்" என்றார் அவர். கற்றும் கொடுத்தார்.

1960-ல் ரோம் ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம். 1964-ல் சானி லிஸ்டனை வென்று உலக சாம்பியன் பட்டம்!

1967-ல் வியட்நாம் போருக்குப் போக மாட்டேன் என்று மறுத்தார். பட்டத்தைப் பறித்தார்கள். மூன்று ஆண்டுகளுக்கு மேல் களத்தில் இறங்க முடியவில்லை. உடம்பில் முழு வலிமை இருந்த ஆண்டுகள் அவை. போனது போனதுதான்.

திரும்பி வந்தவர், வராதவர்

படக்கதை வீரனுக்கு இந்தக் கவலை இல்லை. சூப்பர்மேன் முதன்முதலில் 1938-ல் வந்தார். இன்றும் இளைஞர்தான்! 1992-ல் சூப்பர்மேன் இறந்துவிட்டதாகக் கதை எழுதினார்கள். ரசிகர்கள் கலங்கினார்கள். 1993-ல் உயிரோடு திரும்பி வந்துவிட்டார்!

அலிக்கு அது முடியுமா? அவர் 61 சண்டைகளில் 56-ல் வென்றார். 5-ல் தோற்றார். படக்கதையில் சூப்பர்மேனை வென்ற அதே 1978-ம் ஆண்டு பிப்ரவரியில், லியோன் ஸ்பிங்க்ஸ் என்ற இளைஞரிடம் நிஜ அலி தோற்றார். செப்டம்பரில் அவரையே வென்று பட்டத்தை மீட்டார்.

1980-ல் அலி நம் சென்னைக்கும் வந்து, ஜிம்மி எல்லிஸுடன் காட்சிச் சண்டை போட்டார். அதே ஆண்டு அக்டோபரில் லாரி ஹோம்ஸுடன் நிஜச் சண்டை. அலிக்கு வயது 38. அடி மேல் அடி. 10-வது சுற்றோடு சண்டையை நிறுத்திவிட்டார்கள்.

1984-ல் அவருக்குப் பார்க்கின்சன் நோய் என்று வைத்தியர்கள் கூறினார்கள். அடி வாங்கியதுதான் காரணமா என்பது விவாதத்துக்கு உரியது. ஆனால் தலையில் ஓயாமல் அடி விழுந்தால் மூளைக்குக் கேடு என்பதில் விவாதமே இல்லை.

"இன்னும் ஒரு சண்டை, இன்னும் ஒரு சண்டை" என்று கேட்டது யார்? ரசிகர்கள்தானே! நானும் ரசிகன்தான். அதனால் சொல்கிறேன்: படக்கதை வீரனை எத்தனை முறை வேண்டுமானாலும் சண்டைக்கு அழைக்கலாம். காகிதத்துக்கு வலிக்காது. நிஜ வீரனைப் பார்த்து, "போதும் ஐயா, ஓய்வு எடுங்கள்" என்று சொல்லவும் ரசிகனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் தீபம் ஏற்ற வந்தார் அலி. அவர் கை நடுங்கியது. உலகமே பார்த்தது. அந்தக் கையை அவர் மறைக்கவில்லை. நடுங்கும் கையாலேயே தீபத்தை ஏற்றினார். 2016 ஜூன் 3-ந் தேதி காலமானார்.

"அப்பா, சூப்பர்மேன் பெரியவரா, அலி பெரியவரா?" என்று உங்கள் பிள்ளை கேட்டால், படக்கதையைப் பிடுங்கி எறியாதீர்கள். ஆசையாகப் படிக்கட்டும். படித்து முடித்ததும், அந்த நடுங்கும் கையின் கதையையும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். யார் பெரியவர் என்பதைப் பிள்ளையே முடிவு செய்துகொள்ளும்!