துப்பாக்கியின் வயதை அறிவது எப்படி?

ஒரு பொருளின் வயதை நாம் ஆண்டுக் கணக்கில் சொல்வது வழக்கம். துப்பாக்கிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. எண்ணெய் பூசி உலர்ந்த இடத்தில் வைத்த துப்பாக்கி நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் புதியது போலவே இருக்கும். சில மாதங்களில் பல்லாயிரம் முறை சுடப்பட்ட துப்பாக்கியோ கிழடாகிவிடும். வாடகைக் காரின் வயதை அது ஓடிய கிலோமீட்டர்கள் கூறுவதைப் போல, துப்பாக்கியின் வயதை அது சுட்ட வேட்டுகளின் எண்ணிக்கையே கூறும். ஆனால் காரில் ஓடிய தூரத்தைக் காட்ட ஒரு கருவி உண்டு. பெரும்பாலான துப்பாக்கிகளில் அப்படி ஒன்றும் இல்லை. பின் எப்படிக் கணக்கு வைக்கிறார்கள்? அந்தக் கணக்கால் பயன் என்ன?

புள்ளலூரில் இரு கணக்குகள்

காஞ்சிபுரம் மாவட்டத்துப் புள்ளலூர் போர்களால் பெயர் பெற்ற ஊர். பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் இங்கே பகைவரை வென்றதாகக் காசக்குடிச் செப்பேடு கூறுகிறது. அதற்குப் பல நூற்றாண்டுகளுக்குப் பின், 1780 செப்டம்பர் 10ஆம் நாள், கர்னல் பெய்லியின் தலைமையில் வந்த கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை ஹைதர் அலியும் திப்புவும் இவ்வூருக்கு அருகில் வளைத்துக்கொண்டனர். காஞ்சிபுரத்தில் தங்கியிருந்த மன்றோவின் படையுடன் சேருவதே பெய்லியின் நோக்கம். அது நிறைவேறவில்லை. போரின் நடுவே அவருடைய வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. எஞ்சியவர்கள் சதுர வடிவில் அணிவகுத்து, பல தாக்குதல்களைத் தாங்கி நின்ற பின்னரே பணிந்தனர். சிறைப்பட்ட பெய்லி 1782இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இறந்தார்.

அக்காலத்துச் சிப்பாய் இரண்டு கணக்குகளுக்கு உட்பட்டவன். ஒன்று, பையில் எத்தனை தோட்டாக்கள் மீதி என்பது. இதைக் கையால் தடவியே அறியலாம். மற்றொன்று, துப்பாக்கி எத்தனை முறை சுட்டிருக்கிறது என்பது. இது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் துப்பாக்கியின் நடத்தையில் தெரியும்.

கரிமருந்து என்பது வெடியுப்பு, மரக்கரி, கந்தகம் ஆகிய மூன்றின் கலவை. அது எரியும்போது எடையில் பாதிக்கு மேற்பட்ட பகுதி வாயுவாக மாறுவதில்லை. புகையாகவும் கசடாகவும் நின்றுவிடுகிறது. ஒவ்வொரு வேட்டுக்கும் குழலினுள் கசடு ஏறிக்கொண்டே போகும். சில பத்து வேட்டுகளுக்குப் பின் குண்டைக் குச்சியால் இடித்து இறக்குவதே கடினமாகிவிடும். இதற்காகவே குண்டைக் குழலைவிடச் சிறியதாக வார்த்தார்கள். ஏறத்தாழ 19 மில்லிமீட்டர் குழலுக்கு 17.5 மில்லிமீட்டர் குண்டு! அதனால் குண்டு எளிதில் இறங்கியது, குறிதான் தவறியது. பொறி எழுப்பும் சிக்கிமுக்கிக் கல்லும் இருபது, முப்பது வேட்டுகளில் தேய்ந்துபோகும். பீரங்கியிலோ, தீ வைக்கும் துளை ஒவ்வொரு முறையும் சிறிது சிறிதாக அரிக்கப்பட்டு அகன்றுவிடும். அதில் செம்புக் குழாய் பொருத்திச் சரிசெய்வது வழக்கம்.

குழலினுள் நடப்பது

இன்றைய புகையற்ற வெடிமருந்தில் கசடு மிகக் குறைவு. ஆயினும் தேய்மானம் நீங்கவில்லை; அதன் வகைதான் மாறியது. மருந்து எரியும்போது எழும் வாயுவின் வெப்பநிலை 2,000 டிகிரி செல்சியசைத் தாண்டும். எஃகு உருகுவதோ ஏறத்தாழ 1,500 டிகிரியில். அப்படியானால் குழல் ஏன் உருகி வழிவதில்லை? வெப்பம் தாக்கும் நேரம் மிகக் குறைவு என்பதே காரணம். ரைபிள் குண்டு குழலைக் கடக்க ஏறத்தாழ ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு போதும். பத்தாயிரம் வேட்டுகள் சுட்ட குழல், தன் வாழ்நாள் முழுவதிலும் உண்மையில் பத்து நொடிகளே வேலை செய்திருக்கிறது!

அந்தப் பத்து நொடிகளில் குழலின் உள்மேற்பரப்பு பத்தாயிரம் முறை சட்டெனச் சூடேறிக் குளிர்கிறது. கரிமமும் நைட்ரஜனும் எஃகினுள் புகுந்து அதை நொறுங்கும் தன்மையுடையதாக்குகின்றன. முடிவில், கோடையில் வற்றிய ஏரியின் சேறு பாளம் பாளமாக வெடிப்பதைப் போல மேற்பரப்பில் நுண்ணிய வெடிப்புகள் தோன்றுகின்றன. பின்வரும் வாயு அவற்றின் விளிம்புகளை அரித்துச் செல்கிறது. குண்டைச் சுழலச் செய்யும் மரைகள் தொடங்கும் இடத்தில்தான் அரிப்பு மிகுதி. மரை தேய்ந்தால் வாயு குண்டைத் தாண்டிக் கசியும், வேகம் குறையும், குண்டு சரியாகச் சுழலாமல் தடுமாறும். பீரங்கியாயின் குண்டு இலக்குக்கு முன்பாகவே விழும். அங்கே நிற்பவர்கள் சொந்தப் படையினராகவும் இருக்கலாம்.

இதற்கு ஒரு வியத்தகு எடுத்துக்காட்டு, ஜெர்மானியர்கள் 1918இல் ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவிலிருந்து பாரிஸ் நகரைச் சுட்ட பீரங்கி. ஒவ்வொரு வேட்டும் அதன் குழலைத் தேய்த்ததால், ஒன்றைவிட ஒன்று சற்றே பருமனான குண்டுகளைச் செய்து, அவற்றுக்கு வரிசை எண் இட்டார்கள். அந்த வரிசையிலேயே சுட வேண்டும். அறுபத்துச் சொச்சம் வேட்டுகள் முடிந்ததும் குழலைக் கழற்றி மீண்டும் கடைந்தெடுக்க வேண்டியிருந்தது.

எல்லா வேட்டும் ஒன்றல்ல

எண்ணிக்கை மட்டும் போதுமா? போதாது. குறைந்த அழுத்தத்தில் ஈயக் குண்டைச் சுடும் பயிற்சித் துப்பாக்கியின் குழல், போர்த் துப்பாக்கியின் குழலைவிட மிக நீண்ட காலம் உழைக்கும். பீரங்கியிலும் தொலைவுக்கு ஏற்ப மருந்தின் அளவு மாறும். எனவே ஒவ்வொரு வகை வேட்டுக்கும் ஒரு மதிப்பு கொடுத்து, அவற்றை முழுமருந்து வேட்டுகளாக மாற்றிக் கூட்டுவார்கள். எடுத்துக்காட்டாக, ஒரு குறைமருந்து வேட்டின் தேய்மானம் முழு வேட்டில் கால் பங்கு என்று கொள்வோம். 100 முழு வேட்டுகள் சுட்ட பீரங்கியும், 200 குறைமருந்து வேட்டுகள் சுட்ட பீரங்கியும் அருகருகே நின்றால், இரண்டாவதன் வயது 50 மட்டுமே. அதிகம் சுட்டதே இளையது!

இயந்திரத் துப்பாக்கியில் குழல் சூடேறியதும் அதைக் கழற்றி வேறொன்றை மாட்டுவார்கள். ஆகையால் அங்கே குழலுக்குத் தனிக் கணக்கு, துப்பாக்கிக்குத் தனிக் கணக்கு. சுருள்வில் போன்ற உறுப்புகளும் மீண்டும் மீண்டும் அழுந்திக் களைப்படைவதால், குறித்த எண்ணிக்கை வந்ததும் அவற்றை மாற்றுவது நலம்.

கணக்கு வைக்கும் வழிகள்

மிகப் பழைய வழி பதிவேடு. பீரங்கிக்கென ஒரு வரலாற்றுப் புத்தகம் உண்டு. சுட்ட நாள், மருந்தின் அளவு, வேட்டுகளின் எண்ணிக்கை ஆகியவை அதில் ஏறும். காவல் துறைப் பயிற்சியில் கொடுத்த தோட்டாக்கள், திரும்பி வந்த தோட்டாக்கள், காலி உறைகள் ஆகிய மூன்றும் ஒத்துப்போக வேண்டும். துப்பாக்கிச் சூடு பற்றிய விசாரணைகளிலும் இந்தக் கணக்கு முக்கியச் சான்று. எத்தனை முறை சுடப்பட்டது என்ற கேள்விக்கு நினைவைவிடப் பதிவேடு நம்பத்தக்கது.

இரண்டாவது வழி அளவெடுத்தல். அளவுகோலைக் குழலினுள் செலுத்தித் தேய்மானத்தைக் காணலாம். குண்டின் வேகம் எவ்வளவு குறைந்துள்ளது என்றும் பார்க்கலாம். இது குழலின் நிலையைச் சொல்லும். எண்ணிக்கையைத் துல்லியமாகச் சொல்லாது.

மூன்றாவது மின்னணு எண்ணி. சுடும்போது துப்பாக்கி பின்னோக்கி உதைப்பதைக் கைப்பிடியில் உள்ள சிறு உணரி கண்டறிந்து எண்ணிக்கையைக் கூட்டும். துப்பாக்கி தரையில் விழுந்தாலும் அதிர்ச்சி ஏற்படுமே என்று வாசகர்கள் கேட்கலாம். இரண்டு அதிர்ச்சிகளும் எவ்வளவு நேரம் நீடிக்கின்றன, எத்திசையில் எழுகின்றன என்பதில் வேறுபடும். அந்த வேறுபாட்டைக் கொண்டே கருவி பிரித்தறிகிறது.

எந்த வழியாயினும் ஒன்றை மறக்கக் கூடாது. எழுதாமல் விட்ட வேட்டும் குழலைத் தேய்த்தே இருக்கிறது. ஏட்டில் இளமையாகவும் உண்மையில் கிழடாகவும் இருக்கும் துப்பாக்கி, எதிரில் நிற்பவனுக்கு மட்டுமன்றி, அதை ஏந்தி நிற்பவனுக்கும் ஆபத்தானது.