கிறிஸ்துமஸ் கொண்டாடினால் 5 ஷில்லிங் அபராதம்! கிறிஸ்தவர்களே பண்டிகைக்குத் தடை போட்டது ஏன்?

கிறிஸ்துமஸைத் தடை செய்தது யார் என்று கேட்டால், கிறிஸ்தவத்தைப் பிடிக்காத ஏதோ ஓர் அரசு என்றுதான் பலரும் நினைப்பார்கள். ஆனால் 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் காலனியிலும் அதைச் செய்தவர்கள் தீவிர பக்தி கொண்ட கிறிஸ்தவர்கள். பியூரிட்டன்கள் என்று அழைக்கப்பட்ட இவர்கள் ஏன் இப்படிச் செய்தார்கள்?

என்ன சட்டம் அது?

1647-ல் இங்கிலாந்து நாடாளுமன்றம் கிறிஸ்துமஸ், ஈஸ்டர் பண்டிகைகளை ரத்து செய்தது. 1659-ல் மாசசூசெட்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனது. கிறிஸ்துமஸ் அன்று வேலைக்கு லீவு போட்டாலோ, விருந்து வைத்தாலோ 5 ஷில்லிங் அபராதம். சீட்டு, தாயக்கட்டை ஆடினாலும் அதே சட்டத்தில் அதே அபராதம்.

பண்டிகைக்கும் சூதாட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருந்தது. 1541-ல் எட்டாம் ஹென்றி காலத்தில் வந்த சட்டப்படி, வேலைக்காரர்களும் கூலிகளும் சீட்டாடவே கூடாது. விதிவிலக்கு கிறிஸ்துமஸ் காலம் மட்டும். அதுவும் முதலாளி வீட்டிலோ அவர் கண் முன்னாலோதான். ஆக, வருஷம் முழுக்க அடக்கி வைத்ததை எல்லாம் மக்கள் அந்த 12 நாளில் ஆடித் தீர்த்தார்கள். குடி, கூத்து, பணக்காரர் வீட்டு வாசலில் கும்பலாகப் போய்ச் சாப்பாடு கேட்பது எல்லாம் நடந்தது. இயேசுவின் பெயரில் இதெல்லாமா என்பதுதான் பியூரிட்டன்களின் கோபம்.

'பேகன்' குற்றச்சாட்டு

இயேசு பிறந்த தேதி பைபிளில் இல்லை. டிசம்பர் 25 கிறிஸ்து பிறப்பு நாளாக ரோமில் பதிவானது 4-ஆம் நூற்றாண்டில்தான். அதற்கு முன்பே ரோமர்கள் டிசம்பர் 17-ல் தொடங்கி சாட்டர்னாலியா என்ற விழாவைக் கொண்டாடினார்கள். மற்ற நாட்களில் தடை செய்யப்பட்ட தாயச் சூது, அந்த விழாவில் மட்டும் அனுமதிக்கப்பட்டது. அந்த விழாவுக்குத்தான் கிறிஸ்தவப் பெயர் வைத்துவிட்டார்கள் என்று பாஸ்டன் போதகர் இன்கிரீஸ் மாதர் 1687-ல் எழுதினார்.

ஆய்வாளர்கள் எல்லோரும் இதை ஏற்கவில்லை. இயேசு மரியாளின் கருவில் உருவானது மார்ச் 25 என்று ஆதி கிறிஸ்தவர்கள் சிலர் கணக்கிட்டார்கள். அதோடு 9 மாதம் கூட்டினால் டிசம்பர் 25 வரும். தேதி அப்படியும் வந்திருக்கலாம் என்பது இன்னொரு தரப்பின் வாதம்.

தடை யாரைப் பாதித்தது?

உழைக்கும் மக்களைத்தான். பண்டிகை போனால் அவர்களுக்கு லீவும் போச்சு. இதைப் புரிந்துகொண்ட நாடாளுமன்றமே, பதிலுக்கு மாதந்தோறும் இரண்டாவது செவ்வாய்க்கிழமையை ஓய்வு நாளாக அறிவித்தது. அப்படியும் கோபம் அடங்கவில்லை. 1647 கிறிஸ்துமஸ் அன்று கேன்டர்பரியில் கடைகளைத் திறக்கச் சொல்லி மேயர் உத்தரவிட, திறந்த கடைகளை மக்கள் அடித்து நொறுக்கினார்கள். 1660-ல் மன்னராட்சி திரும்பியதும் இங்கிலாந்தில் தடை நீங்கியது. மாசசூசெட்ஸ் 1681-ல் சட்டத்தை வாபஸ் வாங்கியது.

பைபிள் என்ன சொல்கிறது?

கானா ஊர்க் கல்யாணத்தில் இயேசு தண்ணீரைத் திராட்சை ரசமாக மாற்றினார் என்கிறது யோவான் நற்செய்தி. அதனால் விருந்தே பாவம் என்று சொல்ல முடியாது. ஆனால் குடிவெறி கூடாது என்று பவுல் எபேசியருக்குக் கண்டிப்பாக எழுதுகிறார். சூதாட்டத்துக்கு நேரடித் தடை இல்லை. பண ஆசைக்கு எதிரான எச்சரிக்கைகள் நிறைய உண்டு.

இன்றைய நிலை?

பணயம் வைத்து ஆடுவது தன்னளவில் பாவம் இல்லை, குடும்பத்துக்குத் தேவையான பணத்தை அது விழுங்கினால் தவறு என்கிறது கத்தோலிக்க மறைக்கல்வி. மெதடிஸ்ட் மரபு சூதாட்டத்தை நீண்ட காலமாக எதிர்த்து வருகிறது. யெகோவாவின் சாட்சிகள் கிறிஸ்துமஸே கொண்டாடுவதில்லை.

ஒருவர் ஒரு நாளை விசேஷமாக நினைப்பார், இன்னொருவர் எல்லா நாளையும் ஒன்றாக நினைப்பார், அவரவர் மனசில் தெளிவு இருந்தால் போதும் என்பது ரோமருக்கு எழுதிய கடிதத்தில் பவுல் சொன்ன கருத்து. பியூரிட்டன்களும் அந்தக் கடிதத்தைப் படித்தவர்கள்தான். ஆனாலும் அவரவர் மனசுக்கு விட வேண்டியதைச் சட்டமாக்கினார்கள். அந்தச் சட்டம் மாசசூசெட்ஸில் 22 வருஷம்தான் நின்றது. அதே மாசசூசெட்ஸ் 1856-ல் கிறிஸ்துமஸை அரசு விடுமுறை ஆக்கியது.